எடுத்த நீரும் இழந்த நீரும்

ஊரிலிருந்து என் தந்தையார் தொலைபேசியில் பேசும்போதெல்லாம் முதலில் கேட்பது என் உடல்நலத்தையன்று. "அங்க மழை உண்டாப்பா?" என்பதே அவருடைய முதற் கேள்வி. மன்னார்குடிக்குத் தெற்கே எங்களுக்கு மூன்று ஏக்கர் நஞ்சை இருக்கிறது. பெங்களூரில் பெய்யும் மழைக்கும் மேட்டூர் அணைக்கும் பெரிய தொடர்பு இல்லை. குடகு மலையில் பெய்தால்தான் கணக்கு. இது அவருக்குத் தெரியாததன்று. ஆயினும் மகன் கர்நாடகத்தில் இருக்கிறான், அவன் வாயால் 'மழை உண்டு' என்ற சொல்லைக் கேட்டால் ஓர் ஆறுதல், அவ்வளவுதான்.

2023 ஆகஸ்டில் நான் இந்நகருக்கு முதுநிலை அறிவியல் படிக்க வந்தேன். அவ்வாண்டு மழை பொய்த்தது. மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் நாள் வழக்கம்போல் திறந்துவிட்டார்கள். அதை நம்பிக் குறுவை நட்டவர்களுள் என் தந்தையாரும் ஒருவர். பயிர் பாதி வளர்ந்த நிலையில் நீர் சுருங்கியது. செப்டம்பர் 26-ஆம் நாள் பெங்களூரில் கடையடைப்பு; தமிழ்நாட்டுக்கு நீர் விடக்கூடாது என்று. அன்று நான் அறையை விட்டு வெளியே செல்லவில்லை. அச்சத்தினால் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு வெளியே போவது என்று தெரியவில்லை, அதுவே காரணம். நண்பகலில் வீட்டுக்கார மூதாட்டி சாப்பிட அழைத்தார். நாங்கள் அவரை 'அஜ்ஜி' என்போம்; கன்னடத்தில் பாட்டி என்று பொருள். அவர் மண்டியா மாவட்டத்துக்காரர். சோற்றைப் பரிமாறிக்கொண்டே அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "உன் அப்பாவுக்கும் தண்ணீர் இல்லை. என் தம்பிக்கும் இல்லை. இந்த வருஷம் நெல் போடாதே என்று சொல்லிவிட்டார்கள். நமக்கு மட்டும் குழாயில் வருகிறது, பார்த்தாயா?"

அன்று முதல் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஒரு நகரம் செழித்து வளர வேண்டுமானால் அதற்கு நீர் வேண்டும். ஒரே ஆற்றிலிருந்து வயலுக்கும் நீர் வேண்டும். அப்படியானால் ஒன்று வளர மற்றொன்று தேய்ந்தே தீர வேண்டுமா? நான் பொருளாதாரம் படித்தவனல்லன், படிப்பது இயற்பியல். ஆகவே நீரை அளந்து பார்க்கும் வழியாகவே இக்கேள்வியை அணுகுகிறேன்.

முதலில் இந்நகரைப் பாருங்கள். கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், ஒரு மேட்டின் முதுகில் அமர்ந்திருக்கிறது பெங்களூர். இதன் அருகில் பேராறு எதுவும் இல்லை. கெம்பே கவுடர் 1537-இல் இந்நகரை அமைத்தார் என்பர். அவரும் அவருக்குப் பின் வந்தோரும் ஏரிகளை வெட்டி மழைநீரைத் தேக்கினார்கள். இன்று நாம் ஊருக்குப் பேருந்து ஏறும் மெஜஸ்டிக் நிலையம் ஒரு காலத்தில் தர்மாம்புதி ஏரி. கண்டீரவா விளையாட்டரங்கம் இருக்கும் இடம் சம்பங்கி ஏரி. ஏரி போதாதபோது நகரம் ஆற்றைத் தேடிப் போயிற்று. 1896-இல் அர்க்காவதி ஆற்றின் எசரகட்டாவிலிருந்து நீர் வந்தது. 1933-இல் அதே ஆற்றில் இன்னும் கீழே, திப்பகொண்டனஹள்ளியிலிருந்து வந்தது. அதுவும் போதாமல் 1974-இல் காவிரி வந்தது. முதற் கட்டத்தில் நாளொன்றுக்கு 13.5 கோடி லிட்டர். 2024 அக்டோபரில் தொடங்கிய ஐந்தாம் கட்டம் மட்டும் 77.5 கோடி லிட்டர். எல்லாம் சேர்த்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 222 கோடி லிட்டர் காவிரி நீர் இம்மேட்டின்மீது ஏறுகிறது.

ஏறுகிறது என்ற சொல்லைக் கவனியுங்கள். நீர் ஏறுவதில்லை, ஏற்றப்படுகிறது. சிவனசமுத்திரத்தருகே எடுக்கப்பட்டு, தொரேகாடனஹள்ளி முதலிய இடங்களில் எந்திரங்களால் உந்தப்பட்டு, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவும் 500 மீட்டர் உயரமும் கடந்து வருகிறது. ஆயிரம் லிட்டர் நீரை 500 மீட்டர் உயர்த்துவதற்கு எவ்வளவு ஆற்றல் வேண்டும்? பள்ளிக்கூடக் கணக்குத்தான்: 49 இலட்சம் ஜூல், அதாவது ஏறத்தாழ 1.4 யூனிட் மின்சாரம். எந்திரத்தில் வீணாவதையும் சேர்த்தால் 1.8 யூனிட் என்று கொள்ளலாம். நாளொன்றுக்கு ஒருவர் 150 லிட்டர் பயன்படுத்தினால், அவர் பொருட்டுச் செலவாகும் மின்சாரம் ஒரு பத்து வாட் விளக்கை இரவும் பகலும் எரித்ததற்குச் சமம். நகரம் முழுமைக்கும் கணக்கிட்டால் நாள்தோறும் 40 இலட்சம் யூனிட் வருகிறது.

இவ்விடத்தில் ஒரு விந்தையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இதே சிவனசமுத்திரத்தில்தான் 1902-இல் காவிரி அருவியின் வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுத்தார்கள். அந்த மின்சாரம் 90 மைலுக்கு அப்பால் கோலார் தங்கச் சுரங்கத்துக்குச் சென்றது. அங்கே இறங்கி உழைத்தவர்களுள் பெரும்பாலோர் நம் வட ஆர்க்காட்டுத் தமிழர். 1905-இல் பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது. ஆகவே காவிரி இந்நகருக்கு முதலில் குடிநீராக வரவில்லை. ஒளியாக வந்தது, தொழிலாக வந்தது. அன்று ஆறு விழுந்தது, நகரம் எழுந்தது. இன்று அந்த அருவியின் பக்கத்திலிருந்தே நீரை மின்சாரம் செலவிட்டுத் தூக்கி வருகிறோம். தங்கச் சுரங்கம் 2001-இல் மூடப்பட்டுவிட்டது.

அடுத்து, ஒரு டி.எம்.சி. நீர் என்றால் என்ன? நூறு கோடி கன அடி. நாள்தோறும் செய்தித்தாளில் படிக்கிறோம். ஆனால் அளவு மனத்தில் பதிவதில்லை. ஒரு போகம் நெல்லுக்கு நடவு முதல் அறுவடை வரை 1.2 மீட்டர் உயர நீர் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், ஒரு டி.எம்.சி. நீர் ஏறத்தாழ 5,800 ஏக்கரில் ஒரு போகத்தை விளைவிக்கும். அதே நீரை ஆளுக்கு 150 லிட்டர் வீதம் பகிர்ந்தால் ஐந்து இலட்சம் மக்களுக்கு ஓராண்டு முழுதும் போதும்.

இந்தக் கணக்கைச் சொன்னவுடன் பொருளாதாரம் படிக்கும் நண்பர் ஒருவர் மகிழ்ந்துவிட்டார். "பார்த்தீர்களா! அந்த ஐந்து இலட்சம் பேர் ஓராண்டில் ஈட்டுவது எவ்வளவு? 5,800 ஏக்கர் நெல்லின் விலை எவ்வளவு? நீரை நகரத்துக்குக் கொடுப்பதே நாட்டுக்கு இலாபம்" என்றார். கேட்பதற்கு மறுக்க முடியாத வாதம் போலத் தோன்றும். நான் அவரை விடுதி உணவகத்திற்கு அழைத்துச் சென்றேன். ஒரு கிலோ அரிசி விளைய ஏறத்தாழ 2,500 லிட்டர் நீர் செலவாகிறது. எங்கள் தட்டில் ஒரு வேளைக்கு விழும் அரிசி 200 கிராம் இருக்கும். அதுவே 500 லிட்டர். அவர் நாள் முழுதும் குழாயைத் திறந்து பயன்படுத்துவது 150 லிட்டர். நகரத்தான் குடத்தில் பிடிக்கும் நீரைவிடத் தட்டில் உண்ணும் நீரே பல மடங்கு மிகுதி. அந்த நீரை நகரத்துக்கு யார் கொடுத்தது என்ற கேள்வி கட்டணச் சீட்டில் வருவதில்லை. நண்பர் இன்னும் ஒரு கரண்டி சோறு வாங்கிக்கொண்டாரேயன்றி விடை சொல்லவில்லை.

ஆனால் நான் வென்றுவிட்டதாகவும் எண்ணவில்லை. என் தந்தையாரின் மூன்று ஏக்கர் என்னைப் படிக்க வைக்கவில்லை என்பதும் உண்மை. என் அண்ணன் திருப்பூரில் வேலை பார்த்து அனுப்பிய பணம் என்னைப் படிக்க வைத்தது. நகரம் வளரத்தான் வேண்டும்.

இந்த முடிச்சு எனக்கு அவிழ்ந்தது வகுப்பில் அன்று; ஆய்வுக்கூடத்தின் ஒரு மூலையில். 2024 மார்ச்சு மாதம் பெங்களூரில் கடும் நீர்ப்பஞ்சம். ஏறத்தாழ 14,000 அரசு ஆழ்துளைக் கிணறுகளில் 6,900 வற்றிவிட்டன என்று முதலமைச்சரே கூறினார். குடிநீரால் வண்டி கழுவினால் 5,000 ரூபாய் தண்டம் என்று அறிவித்தார்கள். லாரித் தண்ணீருக்கு மாவட்ட நிர்வாகம் விலை கட்ட நேர்ந்தது. நாங்கள் குடியிருந்த பகுதியில் காலையில் அரைமணி நேரமே குழாய் வரும். இரண்டு வாளியில் மூவர் குளித்தோம். அந்நாட்களில் ஒரு நாள் ஆய்வுக்கூடத்தில் வாலைநீர் வடித்துக்கொண்டிருந்தேன். கண்ணாடிக் குடுவையில் நீர் கொதித்து ஆவியாகும். அந்த ஆவியைக் குளிரவைக்க வெளிக்குழாயில் குளிர்ந்த நீர் ஓடிக்கொண்டேயிருக்கும். ஓடி, நேரே சாக்கடைக்குப் போகும். அங்கே முப்பது ஆண்டுகளாக வேலை பார்க்கும் உதவியாளர் ஒருவர் வந்து, அந்தச் சாக்கடைக் குழாயின் வாயில் ஒரு வாளியை வைத்தார். ஒன்றும் பேசவில்லை. எனக்கு ஒரு லிட்டர் வாலைநீர் கிடைப்பதற்குள் அவர் ஒன்றன்பின் ஒன்றாக வாளிகளை நிரப்பி நகர்த்தி வைத்துவிட்டார். ஒரு லிட்டர் நீராவி குளிர வேண்டுமானால் 2,260 கிலோஜூல் வெப்பத்தை விட வேண்டும். குளிர்நீர் 25 பாகை சூடேறுகிறது என்றால் அதற்கு 20 லிட்டருக்கு மேல் வேண்டும். இந்தக் கணக்கைத் தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியவன் நான்! வீட்டில் இரண்டு வாளிக்குத் தவித்துவிட்டு இங்கே குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

மறுநாள் ஒரு பெரிய தொட்டியும் மீன்தொட்டிக்குப் போடும் சிறு பம்பும் வாங்கி வந்தோம். குளிர்நீர் தொட்டியிலிருந்து சென்று தொட்டிக்கே திரும்பியது. வாலைநீர் குறையவில்லை. குழாயிலிருந்து எடுத்த நீர் இருபதில் ஒரு பங்காகக் குறைந்தது. தொட்டி சூடேறும், அவ்வப்போது நிறுத்த வேண்டும், அதனால் வேலை சற்று நீளும். அந்தத் தொல்லை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நீரை எடுப்பது வேறு, நீரை இழப்பது வேறு. குளிர்நீரை நான் எடுத்தேனேயன்றி இழக்கவில்லை. அது கெடாமல் அப்படியே இருந்தது, சாக்கடையில் விட்டதனால்தான் இழந்தேன். வயலில் அப்படியன்று. நெற்பயிர் எடுக்கும் நீரில் பெரும்பகுதி இலை வழியாகவும் மண் வழியாகவும் ஆவியாகி வானுக்குப் போகிறது. அதைத் திரும்பப் பிடிக்க முடியாது. நகரமோ குளிக்கிறது, துணி துவைக்கிறது, பாத்திரம் கழுவுகிறது. எடுத்த நீரில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு அழுக்கோடு வெளியே வந்துவிடுகிறது. எடுப்பதில் நகரம் பெரியது, இழப்பதில் சிறியது.

பெரிய நாடுகளின் கணக்கும் இந்தத் தொட்டிக் கணக்குத்தான். அமெரிக்க நாட்டில் ஆறுகளிலிருந்தும் நிலத்தடியிலிருந்தும் எடுக்கும் நீர் 1980-ஐ ஒட்டி உச்சத்தைத் தொட்டது. 2015-இல் அது கால் பங்கு குறைந்திருந்தது. அதே காலத்தில் அந்நாட்டின் பொருளாதாரம் இரண்டு மடங்குக்கு மேல் வளர்ந்தது. காரணங்கள் பல, அவற்றுள் முதன்மையானது அனல்மின் நிலையங்கள். ஆற்றுநீரை ஒருமுறை ஓடவிட்டுத் திருப்பிக் கொட்டும் முறை குறைந்து, குளிர்விப்பு நீரையே சுழற்றும் முறை பரவியது. எங்கள் மீன்தொட்டிப் பம்பைத்தான் அவர்கள் பெரிதாகச் செய்திருக்கிறார்கள். சுழற்றும் முறையில் ஆவியாகும் பங்கு சற்றுக் கூடும் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். ஆயினும் செல்வம் ஏற ஏற நீரும் ஏறியே தீர வேண்டும் என்ற விதி இயற்கையில் இல்லை என்பது இதனால் தெளிவாகிறது.

நம் நாட்டிலேயே சான்று உண்டு. என் அண்ணன் வேலை பார்க்கும் திருப்பூரில் சாயப்பட்டறைக் கழிவினால் நொய்யல் பாழாயிற்று. 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் பட்டறைகளை மூட ஆணையிட்டது. ஒரு சொட்டும் வெளியே விடாமல், சாயநீரைச் சுத்திகரித்து மீண்டும் சாயத்தொட்டிக்கே அனுப்பும் முறை அதன் பின்தான் உறுதியாக வேரூன்றியது. செலவு மிகுதி; சிறு பட்டறைகள் பல தாங்கவில்லை. ஆனால் பனியன் ஏற்றுமதி அழிந்துவிடவில்லை, பெருகியது. சென்னையிலும் கழிவுநீரைத் தூய்மையாக்கி ஆலைகளுக்கு விற்கிறார்கள்.

இப்போது மீண்டும் காவிரிக்கு வருவோம். எடுப்பது வேறு, இழப்பது வேறு என்ற இவ்வேறுபாட்டை நடுவர் மன்றமும் அறிந்திருந்தது. 2007-ஆம் ஆண்டு இறுதித் தீர்ப்பில் குடிநீருக்காக எடுப்பதில் நூற்றுக்கு இருபது பங்கே செலவாகிறது என்று கொண்டார்கள். பெங்களூரின் மூன்றில் ஒரு பங்கே காவிரி வடிநிலத்தில் இருப்பதாகக் கண்டு, அந்தப் பங்குக்கே நீர் ஒதுக்கினார்கள். 2018 பிப்ரவரி 16-இல் உச்சநீதிமன்றம் நகரம் முழுவதையும் கணக்கில் கொண்டு 4.75 டி.எம்.சி. கூட்டிக் கொடுத்தது, கர்நாடகத்துக்கு மொத்தம் 14.75 டி.எம்.சி. கூடியது, தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய 192 டி.எம்.சி. 177.25 ஆயிற்று. குடிக்கும் நீருக்கு முதலிடம் என்ற அறத்தை நான் மறுக்கவில்லை. நானும் அந்நீரைக் குடிப்பவனே. ஆனால் செலவாகாத எண்பது பங்கு எங்கே போகிறது என்று கேட்கிறேன்.

நகரம் மேட்டின் முதுகில் இருக்கிறது என்று சொன்னேன் அல்லவா? மேற்குச் சரிவில் விழும் கழிவு விருஷபாவதி வழியாக அர்க்காவதியில் கலந்து காவிரிக்கே திரும்புகிறது. ஆனால் கறுத்துத் திரும்புகிறது. கிழக்குச் சரிவில் விழுவது பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரிகளின் வழியாகத் தென்பெண்ணைக்குப் போகிறது. அது காவிரிக்கு என்றும் திரும்பாது. பெள்ளந்தூர் ஏரியைப் பற்றி அறியாதார் இல்லை. அதன் நுரை தெருவில் பறந்தது. 2015-லும் அதன் பின்னும் அந்த ஏரி தீப்பற்றி எரிந்தது. நீர் எரிந்தது என்று ஊரில் சொன்னபோது என் தாயார் நம்பவில்லை.

மறுபயன் ஒன்றும் நடவாமல் இல்லை, நன்றாகவே தொடங்கியிருக்கிறது. 2018 முதல் கோரமங்களா–செல்லகட்டா பள்ளத்தாக்கின் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கோலார் மாவட்டத்தின் வறண்ட ஏரிகளுக்கு அனுப்புகிறார்கள். திட்டத்தின் அளவு நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர். ஏரிகள் நிறைந்தன, சுற்றுப்புறக் கிணறுகளில் நீர்மட்டம் ஏறியது. இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பு மட்டும் போதுமா, நிலத்தடி நீர் கெடாதா என்ற கேள்வி நீதிமன்றம் வரை சென்றது. அது நியாயமான கேள்வியே. என் கருத்தில் அந்த நீரை இன்னும் ஒரு படி தூய்மையாக்கும் செலவை நகரமே ஏற்க வேண்டும். 100 கிலோமீட்டர் தூக்கி வரப் பணம் இருக்கிறது. கொடுக்கும்போது கழுவிக் கொடுக்கப் பணம் இல்லை என்றால் யார் ஒப்புவார்?

மழையைச் சொல்ல மறந்துவிட்டேன். இந்நகரின் பரப்பு ஏறத்தாழ 700 சதுர கிலோமீட்டர். ஆண்டுக்கு 900 மில்லிமீட்டருக்குக் குறையாமல் சராசரியாக மழை பெய்கிறது. பெருக்கிப் பாருங்கள், 22 டி.எம்.சி. வருகிறது. எல்லாவற்றையும் பிடிக்க முடியாது. கால்வாசியைப் பிடித்தாலே உச்சநீதிமன்றம் கூட்டிக் கொடுத்த 4.75-ஐ விட மிகுதி. கூரை நீரைச் சேமிக்க 2009-இலேயே சட்டம் வந்துவிட்டது. அஜ்ஜி வீட்டுக் கூரைக் குழாய் இன்னும் தெருவைப் பார்த்தே இருக்கிறது; வரும் மழைக்குள் திருப்பிவிடுவதாக நானும் என் அறை நண்பனும் சொல்லியிருக்கிறோம்.

சென்ற பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போகும் வழியில் ஓசூரில் ஒரு நண்பன் வீட்டில் இறங்கினேன். மறுநாள் காலை அவன் என்னைக் கெலவரப்பள்ளி அணைக்கு அழைத்துச் சென்றான். பெங்களூரின் கிழக்குச் சரிவுக் கழிவு தென்பெண்ணையில் கலந்து தமிழ்நாட்டில் முதலில் வந்து நிற்கும் அணை அது. மதகு வழியே நீர் விழுந்த இடத்தில் வெண்ணுரை ஆளுயரத்துக்கு எழும்பி, காற்றில் பிய்ந்து, கரையோரச் செடிகளின்மேல் பஞ்சுபோல் ஒட்டிக்கொண்டிருந்தது. துர்நாற்றம் தாங்கவில்லை. கால்வாய் ஓரமாக ஒரு முதியவர் மண்வெட்டியால் வாய்க்காலைத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார். இந்த நீரையா பாய்ச்சுகிறீர்கள் என்று கேட்டேன். வேறு நீர் எங்கே இருக்கிறது என்றார். பிறகு என் தோள்பையைப் பார்த்து, "தம்பி எந்த ஊரு?" என்று கேட்டார்.

மன்னார்குடி என்று சொல்ல வாயெடுத்தேன். என் நண்பன் முந்திக்கொண்டு, "பெங்களூர்ல இருந்து வர்றாருங்க" என்றான்.

"அப்படியா? அப்போ இது உங்க தண்ணிதான் தம்பி" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த மடையை வெட்டப் போனார்.